ஒரு ரொட்டிக்காரன் போய் வந்த புரூவரி

பியர் காய்ச்சி அங்கேயே விற்கிற அந்த புரூவரிக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது தரையைத்தான். 22 வருடமாக பேக்கரி நடத்துகிறவனுக்கு அது பழகிப்போன பார்வை. மாவும் தண்ணீரும் ஈஸ்ட்டும் புழங்குகிற இடத்தில் தரை எப்படியோ சரக்கும் அப்படி. இங்கே தரை ஈரமாக இருந்தது, ஆனால் செருப்பில் ஒட்டவில்லை. மூலைகளில் கறுப்பாக எதுவும் படியவில்லை. தண்ணீர் ஓடுகிற வாய்க்காலின் மூடியைத் தூக்கிவைத்து, அதற்கு அடியிலும் தேய்த்திருந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் ஹோஸ் பைப்பைச் சுருட்டிச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார். சரி, இங்கே நம்பிக் குடிக்கலாம் என்று அப்போதே தோன்றிவிட்டது.

என்னை அழைத்துப்போனது அக்கா மகன். "மாமா, நீங்க பேக்கரியில வளக்கிற அதே ஈஸ்ட்டுதான் அங்கயும் வேலை பாக்குது. ஒரு தடவை வந்து பாருங்க" என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மனைவியையும் கூப்பிட்டேன். "குடிக்கிற இடத்துல எனக்கு என்னங்க வேலை?" என்றாள். சாப்பாடு இருக்கிறது, விளையாட இடம் இருக்கிறது, திரும்பும்போது வண்டி ஓட்ட ஆள் வேண்டும் என்று அவன் கெஞ்சியதில் கிளம்பினாள். 4 மணிக்குப் போனோம். வெளியே வரும்போது 9. அந்த ஐந்து மணி நேரத்தில் நான் குடித்தது, ருசி பார்க்கிற சின்னக் கிளாஸ் ஐந்தும் அப்புறம் ஒரு முழுக் கிளாஸும்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை, இன்னொன்று சொல்லட்டுமா என்று யாரும் தலைமேல் வந்து நிற்கவில்லை.

முன்பு கிடங்காக இருந்த கட்டடம். கூரை உயரம். இடது பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்குப் பின்னால் ஆறு எஃகு டேங்குகள். வலது பக்கம் சமையலறை ஜன்னல். நடுவில் நீளமான பலகை மேசைகள். பெஞ்சில் உட்கார வேண்டியிருப்பதால், முன்பின் தெரியாதவர்களும் தோளோடு தோள் உரசித்தான் உட்கார வேண்டும். பின்புறம் முழுவதையும் விளையாட்டுக்கு விட்டிருக்கிறார்கள்.

ஒவ்வொரு டேங்கிலும் ஒரு சின்னக் கரும்பலகை தொங்குகிறது. அதில் பியரின் பெயரும், ஈஸ்ட் போட்டு எத்தனையாவது நாள் என்பதும் சாக்பீஸால் எழுதியிருக்கிறது. கோதுமை பியர் இருந்த டேங்கில் '9'. அதற்குப் பக்கத்து டேங்கில் லாகர் என்ற, குளிரில் மெதுவாகப் புளிக்கிற வகை, '39'. அந்த 39-ஐப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு டேங்கை 39 நாள் முடக்கிப்போடுவது என்றால் என்னவென்று தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும். அந்த டேங்கில் அதே நாட்களில் கோதுமை பியரை இரண்டு தடவை காய்ச்சி விற்றிருக்கலாம்.

கவுன்ட்டரில் இருந்த பையனிடம் எதைக் குடிக்கலாம் என்று கேட்டேன். "எது பிடிக்கும்னு சொல்ல வேண்டாம் சார், எது பிடிக்காதுன்னு சொல்லுங்க" என்றான். அதிகக் கசப்பு பிடிக்காது என்றேன். அப்படியானால் கசப்பானதைக் கடைசிக்கு முன்னால் வைக்கிறேன், அதற்குள் நாக்கு பழகிவிடும் என்று சொல்லி, ஐந்து குழி வைத்த ஒரு மரப்பலகையில் 100 மில்லி கிளாஸ்கள் ஐந்தை அடுக்கிக் கொண்டுவந்தான். வெளிறிய நிறத்தில் தொடங்கிக் கறுப்பில் முடிகிற வரிசை. முதல் தடவை போகிறவர்கள் இந்தப் பலகையை வாங்குவதுதான் நல்லது.

முதலில் பில்ஸ்னர். பொன் நிறம். கிளாஸுக்கு அந்தப்பக்கம் இருந்த மனைவியின் வளையல் தெளிவாகத் தெரிந்தது. 1842-இல் செக் நாட்டின் பில்சன் நகரத்தில் யோசெஃப் க்ரோல் என்பவர் காய்ச்சிய பியரிலிருந்து வந்த வகை இது. அந்த ஊர்த் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு, அதனால்தான் அந்த மென்மை வந்தது. வெறும் பார்லி மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), தண்ணீர், கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் என்ற பூ, ஈஸ்ட். எங்கள் தொழிலில் சாதா வெள்ளை ரொட்டி எப்படியோ, பியரில் இது அப்படி. வெண்ணெய், முட்டை, சர்க்கரை என்று எதை வைத்தும் தப்பை மூட முடியாது. இவர்களுடைய பில்ஸ்னரில் முதலில் பிஸ்கட் மாதிரி ஒரு மால்ட் வாசனை, நடுவில் எதுவுமே இல்லாத ஒரு சுத்தம், கடைசியில் புல் வாசனையோடு சின்னக் கசப்பு. விழுங்கியபிறகு வாய் காய்ந்து, அடுத்த வாய்க்குத் தயாராகிறது. பின்னால் முழுக் கிளாஸ் வாங்கினேன் என்று சொன்னேனே, இதைத்தான்.

அடுத்து கோதுமை பியர். உயரமான கிளாஸில் ஊற்ற வேண்டியது, பலகைக்காகச் சின்னதில் வந்தது. மங்கலாக, மோர் கலந்த மாதிரி இருந்தது. மூக்குக்குக் கொண்டுபோனதும் வாழைப்பழம், அதற்குப் பின்னால் கிராம்பு. மனைவியிடம் நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, "இதுல வாழைப்பழம் அரைச்சு ஊத்தியிருக்காங்களா?" என்றாள். ஒரு துண்டுகூட இல்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளை உண்டாக்குகிறது. வாழைப்பழத்தின் வாசனையும் அதுதான். வெப்பநிலை கூடினால் வாழைப்பழம் தூக்கும். ராத்திரி முழுக்கப் புளிக்கவைத்த மாவின் மூடியைத் திறக்கும்போது லேசாக ஒரு பழ வாசனை வரும், 22 வருடமாக அதை மோந்துகொண்டிருக்கிறேன். அதே வாசனை இங்கே ஒரு கிளாஸ் முழுக்க நிரம்பியிருந்தது. எனக்கு ஒரு மாதிரி கண் கலங்கிவிட்டது. தூரத்துச் சொந்தக்காரரை எதிர்பாராத ஊரில் பார்த்தது போல.

சொந்தம் என்றால் உண்மையிலேயே சொந்தம். ரொட்டிக்கும், இந்தக் கோதுமை பியர் மாதிரி அதிகம் குளிராத சூட்டில் புளிக்கிற ஏல் வகை பியருக்கும் ஒரே இனத்து ஈஸ்ட்தான், சாக்கரோமைசஸ் செரிவிசியே. 19-ஆம் நூற்றாண்டில் ஈஸ்ட்டைத் தனியாக வளர்த்து விற்கிற ஆலைகள் வரும்வரை, ஐரோப்பாவில் ரொட்டிக்காரர்கள் பியர் காய்ச்சுகிறவர்களிடம் போய்த்தான் ஈஸ்ட் நுரையை வாங்கிவந்து மாவில் கலந்தார்கள். பவேரியாவில் 1516-இல் போட்ட பியர் சட்டத்தில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றுதான் இருக்கிறது. ஈஸ்ட் பெயரே இல்லை. அது என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது.

மூன்றாவது கிளாஸ் ஆம்பர் ஏல். செம்பு நிறம். இதில்தான் சிக்கல். ஒரு வாய் குடித்ததும் வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாசனை. இரண்டாவது வாயில் நாக்கின்மேல் ஒரு வழவழப்பு. அக்கா மகனும் குடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் மாமா இருக்கு, கேரமல் மாதிரி" என்றான். கேரமல் இல்லை. இது டையசிட்டைல். வெண்ணெய் வாசனை தருகிற அதே பொருள். புளிக்கும்போது ஈஸ்ட்டே இதை உண்டாக்கும். இன்னும் சில நாள் பொறுத்தால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு இறக்கினால் தங்கிவிடும். அல்லது பியர் வருகிற குழாயில் பாக்டீரியா சேர்ந்தாலும் இதே வாசனை வரும்.

கவுன்ட்டர் பையனைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னேன். அவன் முகம் சுளிக்கவில்லை. "ஒரு நிமிஷம் சார்" என்று உள்ளே போய், ரப்பர் பூட்ஸ் பெண்ணையே கூட்டிவந்துவிட்டான். அவர்தான் காய்ச்சுகிறவர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என் கிளாஸை வாங்கவில்லை. குழாயிலிருந்து புதிதாகக் கொஞ்சம் பிடித்து மோந்தார், குடித்தார். அப்புறம் உள்ளே போய் டேங்கிலிருந்து நேராக இன்னொரு கிளாஸ் பிடித்துவந்து அதையும் குடித்தார். அதை என்னிடம் நீட்டி, "இதைப் பாருங்க சார்" என்றார். அதில் வெண்ணெய் இல்லை. வறுத்த மால்ட்டும் லேசான கேரமலும் மட்டும்.

"டேங்க் சரியா இருக்கு. லைன்லதான் தப்பு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவணும். இந்த லைனை நேத்தே கழுவியிருக்கணும், நான் விட்டுட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அந்த பியர் யாருக்கும் இல்லை. பக்கத்து மேசையில் அதையே ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தவர்களிடமும் போய் விஷயத்தைச் சொல்லி, வேறு கிளாஸ் கொடுத்தார். அவர்கள் யாரும் குறை சொல்லியிருக்கவில்லை. இதை நான் மிகவும் மதிக்கிறேன். தப்பு எல்லா அடுப்பிலும் வரும். என் கடையில் உப்பு மறந்த ரொட்டி வெளியே போன நாட்கள் உண்டு. வாங்கினவர் கண்டுபிடிக்காத தப்பையும் போய்ச் சொல்வதற்குத்தான் மனசு வேண்டும்.

நான்காவது ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் தூக்கலான வகை. இதுதான் கசப்பு. பையன் சொன்னது சரி, முதல் மூன்றைத் தாண்டி வந்த நாக்கு இதைத் தாங்கியது. கசப்புக்கு முன்னால் வருகிற ஆரஞ்சுத் தோல் வாசனை எனக்குப் பிடித்திருந்தது. குழாய்க்கு மேலே உள்ள பலகையில் ஒவ்வொரு பியரும் பீப்பாயில் நிரப்பிய தேதி இருக்கிறது. இது நிரப்பி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. ஹாப்ஸ் வாசனைதான் முதலில் மங்கும், அதனால் இந்த வகையைப் பழசாகக் குடிக்கக்கூடாது. தேதியைக் கண்ணில் படுகிற இடத்தில் எழுதிவைக்கிற கடையை நான் நம்புவேன்.

ஐந்தாவது ஸ்டவுட். சுட்டுக் கறுத்த பார்லியில் செய்தது. மற்றவற்றில் கரியமில வாயு மட்டும், இதில் நைட்ரஜன்தான் அதிகம். அதனால் குமிழிகள் பொடிப்பொடியாக, நுரை பாலேடு மாதிரி வருகிறது. ஊற்றியதும் கிளாஸின் ஓரத்தில் குமிழிகள் கீழ்நோக்கி இறங்குவது போலத் தெரியும். நடுவில் மேலே போகிறவை ஓரத்துத் திரவத்தைக் கீழே தள்ளுவதால் வருவது அது. அடங்கும்வரை குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ருசியில் காப்பி, கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்த ரொட்டியின் மேல்தோல். நன்றாக இருந்தது. ஆனால் அதிகம் குளிர்ந்திருந்தது. கையில் ஐந்து நிமிடம் வைத்திருந்தபிறகுதான் வாசனை திறந்தது. இதை மட்டும் கொஞ்சம் குளிர்ச்சி குறைத்துக் கொடுக்கலாம்.

மனைவிக்கு இஞ்சி பியர். அங்கேயே செய்தது, சாராயச் சத்து இல்லாதது. தொண்டையில் நிஜமான இஞ்சிக் காரம் பிடித்தது. குடிக்காதவர்களுக்கு ஒரு பாட்டில் சோடாவைத் தூக்கி வைத்துவிட்டுப் போகாமல், அதையும் அதே சுத்தமான கிளாஸில், அதே அக்கறையோடு கொண்டுவந்தார்கள். அவள் மூன்று கிளாஸ் குடித்தாள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சின்னச் சமையலறை, ஏழெட்டு ஐட்டம். உருளைக்கிழங்கு வறுவல் மொறுமொறுப்பாக, உப்பு அளவாக இருந்தது. எண்ணெய்ப் பண்டத்துக்குப் பில்ஸ்னர் நல்ல துணை, கசப்பும் வாயுவும் நாக்கிலிருந்து எண்ணெயை வழித்துவிடும். கோழி வறுவல் பரவாயில்லை. பீட்சாவின் அடி நடுவில் வேகவில்லை. அடுப்பின் கல் போதுமான அளவு சூடாவதற்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். அதுவும் வருவதற்கு 40 நிமிடம் ஆனது. கூட்டம் வருமுன் சாப்பாட்டைச் சொல்லிவிடுவது புத்திசாலித்தனம்.

ஆனால் முதலில் ஒரு கூடையில் வந்த ரொட்டி வேறு விஷயம். கருப்பும் பழுப்புமாக உமிப் புள்ளிகள், கடித்தால் கடலை வறுத்த வாசனை. மாவில் என்ன கலந்திருக்கிறது என்று விசாரித்தேன். பியர் காய்ச்சிய சக்கைத் தானியம் என்றார்கள். அதைக் கேட்டதும் மறுபடியும் கண்ணாடிச் சுவர்ப் பக்கம் போனேன். காய்ச்சுகிற பெண், வேலை முடிந்திருந்ததால், உள்ளே வரச் சொன்னார்.

அரைமணி நேரம் பேசினோம். உடைத்த மால்ட்டை 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பார்களாம். தானியத்திலேயே இருக்கிற அமைலேஸ் என்சைம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் பியர் வறண்டு மெலிதாகும், கூடினால் கனமாக இனிக்கும். பிறகு அந்தச் சர்க்கரைத் தண்ணீரை வடித்து, ஹாப்ஸோடு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட்டு, சட்டென்று ஆறவைத்து, ஈஸ்ட் போடுவது. ஏல் என்றால் 20 டிகிரிவாக்கில், லாகர் என்றால் 10-12-இல். லாகர் ஈஸ்ட் வேறு இனம். கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் 1883-இல் எமில் ஹான்சன் அதைத் தனியாகப் பிரித்து வளர்த்த கதையை அவர் கண்கள் விரியச் சொன்னார். குளிரில் மெதுவாக வேலை செய்கிற ஈஸ்ட், முடிந்தபிறகு இன்னும் பல வாரம் உறைநிலைக்குப் பக்கத்தில் அப்படியே கிடக்க வேண்டும். "அந்த 39-ஐ எப்ப இறக்குவீங்கம்மா?" என்று கேட்டேன். "குடிச்சுப் பாத்துதான் சார். பலகையில இருக்கற நம்பர் எனக்கு ஞாபகத்துக்கு மட்டும்தான். அது ரெடின்னு அதுதான் சொல்லணும்" என்றார். ரொட்டி மாவைப் பற்றி என் குரு எனக்குச் சொன்ன அதே வார்த்தை.

100 லிட்டர் பியருக்கு ஏறக்குறைய 20 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். இவர்கள் ஒரு தடவைக்கு 500 லிட்டர் காய்ச்சுகிறார்கள். 100 கிலோ. பெரும்பகுதி மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. கொஞ்சம் தரமுடியுமா என்று கேட்டதற்கு, அன்று காலை வடித்ததில் 2 கிலோவை ஒரு பையில் போட்டு, "இன்னிக்கு ராத்திரியே காயவெச்சிடுங்க சார், நாளைக்குப் புளிச்சிடும்" என்று சொல்லிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

பையோடு திரும்பி வந்து பார்த்தால் மேசையில் மனைவி இல்லை.

பின்பக்கம் நின்றிருந்தாள். கையில் டார்ட்ஸ் அம்பு. பக்கத்தில் வெள்ளை முடியைக் கொண்டைபோட்ட ஒரு அம்மா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், வாரா வாரம் செவ்வாய்க்கிழமை வந்து ஒரு இஞ்சி பியர் குடித்துவிட்டு டார்ட்ஸ் ஆடுவாராம். சும்மா பார்த்துக்கொண்டு நின்றவளை, "வாம்மா, கூட ஆள் இல்லாம எப்படி ஆடறது" என்று இழுத்துக்கொண்டிருக்கிறார்.

விதி எளிது. 501-இல் தொடங்க வேண்டும். ஒரு முறைக்கு மூன்று அம்பு, விழுகிற எண்ணைக் கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்துக்கு வர வேண்டும். கடைசி அம்பு, வெளி விளிம்பில் இருக்கிற இரட்டை வளையத்தில் விழ வேண்டும். மனைவி எல்லோரையும் போல உச்சியில் இருக்கிற 20-ஐக் குறிவைத்தாள். ஒன்று 5-இல் போய் விழுந்தது, ஒன்று 20, ஒன்று 1. மொத்தம் 26. டீச்சர் சாக்பீஸை எடுப்பதற்குள், "475" என்றாள். கடையில் 22 வருடமாகக் கல்லாவைப் பார்க்கிறவள். டீச்சர் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

"20-க்கு இந்தப்பக்கம் 5, அந்தப்பக்கம் 1. மூணையும் கூட்டினா எவ்வளவு?"

"26, டீச்சர்."

"இடதுபக்கம் 14-ஐப் பாரு. அதுக்கு மேல 9, கீழ 11. கூட்டு."

"34."

"கை நிதானப்படற வரைக்கும் அங்க எறி. தப்பினாலும் நஷ்டம் கம்மி."

அடுத்த மூன்று அம்பும் 14, 11, 9 என்று விழுந்தன. 34. "441" என்றாள் மனைவி, போர்டைப் பார்க்காமலே.

அந்த ஆட்டம் முக்கால் மணி நேரம் நடந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துவந்து சுற்றி நின்றார்கள். கடைசியில் மனைவிக்கு 36 பாக்கி, டீச்சருக்கு 32. மனைவி இரட்டை 18-ஐக் குறிவைத்தாள். முதல் அம்பு கம்பிக்கு வெளியே போனது. இரண்டாவது உள்ளே இறங்கி ஒற்றை 18-இல் விழுந்தது. மீதி 18, இனி இரட்டை 9 வேண்டும். மூன்றாவதும் தப்பியது. டீச்சர் கோட்டில் வந்து நின்றார். போர்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர், கோடு போர்டிலிருந்து 2.37 மீட்டர். அவர் உயரமோ ஐந்தடிக்குக் கொஞ்சம் அதிகம். "32 நல்ல எண்ணு. பாதியாக்கிட்டே போகலாம். 16, 8, 4, 2... தப்பினாலும் திரும்ப வழி இருக்கும்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே எறிந்தார். ஒன்று வெளியே. இரண்டாவது இரட்டை 16-இன் நடுவில் குத்தி நின்றது. முழு ஹாலும் கை தட்டியது. எங்கள் மேசையில் இருந்த, பெயர்கூடத் தெரியாத இரண்டு பேர் மனைவிக்கு ஆறுதல் சொன்னார்கள்.

மற்ற விளையாட்டுகளும் இருக்கின்றன. சாய்வான பலகையில் உள்ள ஓட்டைக்குள் சின்ன மூட்டையை எறிகிற கார்ன்ஹோலில் அக்கா மகன் இரண்டு முறை தோற்றான். முழங்கை நீளக் கட்டைகளால் ஆன பெரிய ஜெங்கா இருக்கிறது, 54 கட்டை. சரிந்தால் ஹாலே அதிர்கிறது, அதனால் அதைச் சுவர் ஓரத்துக்கு நகர்த்தியிருக்க வேண்டும். ஃபூஸ்பால் மேசையில் ஒரு கோல்கீப்பர் கம்பி இறுகிப்போய்த் திரும்ப மறுக்கிறது. எதற்கும் தனிக் கட்டணம் இல்லை, காத்திருப்பவர்கள் கரும்பலகையில் பெயர் எழுதிவைத்தால் போதும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டார்ட்ஸ் கோட்டுக்குப் பின்னாலேயே கழிவறைக்குப் போகிற வழி. தட்டோடு வருகிறவர்கள் எறிகிறவரின் முழங்கையில் இடிக்கிறார்கள். இது ஆபத்து, ஒரு தடுப்புக் கட்டை வைத்தால் தீர்ந்துவிடும். 7 மணிக்குமேல் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்கள். தகரக் கூரையில் மோதி அது இரண்டு மடங்காகக் கேட்கிறது. கேட்டுக்கொண்டதும் கொஞ்சம் குறைத்தார்கள், அரைமணி நேரத்தில் மறுபடி ஏறிவிட்டது. பேசவேண்டும் என்றால் சமையலறை ஜன்னல் பக்க பெஞ்சைப் பிடியுங்கள். அப்புறம், தண்ணீர். பியர் கொடுக்கிற இடத்தில் ஒவ்வொரு மேசைக்கும் தண்ணீர் ஜக்கு கேட்காமலே வரவேண்டும். இங்கே மூன்று முறை கேட்டு வாங்கினேன்.

அன்று ராத்திரியே பேக்கரிக்குப் போய், சக்கையைத் தட்டில் மெலிதாகப் பரப்பி, அடுப்பில் 100 டிகிரிவாக்கில் காயவைத்தேன். மூன்று மணி நேரம் பிடித்தது. மாவு ஆட்களோடு நானும் விடியற்காலை அதைப் பொடித்து, பத்தில் ஒரு பங்கு மாவுக்குப் பதிலாகக் கலந்தேன். தண்ணீர் அதிகம் இழுத்தது. ரொட்டி கொஞ்சம் தணிந்துதான் எழும்பியது. ஆனால் மேல்தோல் அந்த ஸ்டவுட்டின் நிறத்துக்கு வந்தது. கடையில் வைத்த பன்னிரண்டும் 10 மணிக்குள் போய்விட்டன.

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் சுட்டு, சூடு ஆறாத ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். காய்ச்சுகிற பெண் அதைக் கையாலேயே பிட்டு, முதலில் மோந்துதான் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கவுன்ட்டருக்குப் போய், ஆம்பர் ஏல் குழாயிலிருந்து ஒரு சின்னக் கிளாஸ் பிடித்து என் முன்னால் வைத்தார். கைப்பிடி திரும்ப மாட்டியிருந்தது. குடித்தேன். வறுத்த மால்ட், லேசான கேரமல், சுத்தமான முடிவு. வெண்ணெய் துளிகூட இல்லை. டேங்க் பலகையில் இருந்த 39-ஐ அழித்து 46 என்று எழுதியிருந்தார்கள். லாகர் இன்னும் இறங்கவில்லை.

அதை மனைவியிடம் காட்டலாம் என்று தேடினேன். அவள் அதற்குள் பின்பக்கம் போய், டீச்சர் வந்துசேர்வதற்கு முன்பே கரும்பலகையில் இரண்டு பெயரையும் எழுதி, இரண்டுக்கும் கீழே 501 போட்டு வைத்திருந்தாள்.